பழைய டிஜிட்டல் வாட்ச்: விலை ஏன் இறங்குகிறது?

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைப் படிக்கட்டை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் சில ஆண்டுகளுக்கு முன் என் மாமாவின் வாட்சைக் கொண்டுபோனேன். 1983இல் குவைத்திலிருந்து வந்தபோது மாமா கையில் கட்டியிருந்த கால்குலேட்டர் வாட்ச் அது. அவர் காலமான பிறகு பீரோவை ஒழித்த அத்தை, "உனக்குத்தான் இதுமேல ஆசை" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

ரிப்பேர்க்கார பாய் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். செல் இருந்த குழியில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. இடுக்கி முனையால் ஒரு சின்ன ரப்பர் பட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வரிக்குதிரைத் தோல்போல மயிரிழைக் கோடுகள் ஓடும் பட்டை. "சர்க்யூட்லேர்ந்து எழுத்துக்குக் கரண்ட் போறது இது வழியாத்தான் தம்பி. இதுல அழுக்குன்னா துடைச்சுப் போட்டா ஓடிரும். இங்க செல் ஒழுகி சர்க்யூட்டையே தின்னுருக்கு. மெஷின் மாத்தணும். மெஷினுக்கு எங்க போறது?" என்றார்.

அதே மேஜையில் ஓர் எச்.எம்.டி. ஜனதா பல்சக்கரம் பல்சக்கரமாகப் பிரிந்து கிடந்தது. சாவி கொடுக்கும் வாட்ச். மாமாவின் வாட்சைவிட மூத்தது. அதைக் காட்டி, "இது நாளைக்கு ஓடிரும், வந்து பாருங்க" என்றார்.

பழைய டிஜிட்டல் வாட்ச் சேகரிப்பவர்கள் இன்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விக்குப் பாதி விடை அந்த மேஜையிலேயே இருந்தது. 1970களின் சிவப்பு எழுத்து வாட்சுகள், 1980களின் கால்குலேட்டர் வாட்ச், டேட்டா பேங்க், விளையாட்டு வாட்ச் எல்லாமே நீண்ட காலம் விலை ஏறிக்கொண்டு வந்தவை. கோவிட் காலத்தில் அந்த ஏற்றம் வேகம் பிடித்தது. இப்போது வாங்கிய விலைக்குத் தள்ளிவிட முடியவில்லை என்ற குறையைச் சேகரிப்பாளர்கள் கூடுமிடமெல்லாம் கேட்கலாம். இது வந்து போகும் மந்தமா, இந்தப் பொருளின் உடம்பிலேயே இருக்கும் நோயா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை மந்தம் மேற்தோல்தான். ரிப்பேர் செய்ய வழியில்லை என்பதே உள்நோய். விலை இறங்கியதால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதும் எனக்குப் பெரிய கவலை இல்லை. விலை இறங்க இறங்க இந்த வாட்சுகளே இல்லாமல் போகும் என்பதுதான் கவலை.

ஐந்தாண்டில் சரிந்த தங்கம்

டிஜிட்டல் வாட்சின் விலை சரிவது இது முதல் முறையன்று. முதல் சரிவு மிக வேகமாக நடந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் இருந்த ஹாமில்டன் நிறுவனம், ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக ஒரு கடிகாரம் செய்து கொடுத்தது. முள்ளில்லாமல் எண்ணால் நேரம் காட்டும் கைக்கடிகாரம் என்ற எண்ணத்துக்கு அந்த வேலை தூண்டுதலாக இருந்தது. ஜான் பெர்கி என்பவர் தலைமையில், டெக்சாஸைச் சேர்ந்த எலெக்ட்ரோ டேட்டா என்ற சிறு நிறுவனத்தின் துணையோடு பல்சர் உருவானது. 1970 மே மாதம் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மாதிரியைக் காட்டினார்கள். 1972 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 18 காரட் தங்கக் கூடு, உள்ளே இருண்ட சிவப்புக் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் நேரம் ஒன்றேகால் நொடி ஒளிர்ந்து அணைந்துவிடும். விலை 2,100 டாலர். அன்றைய அமெரிக்காவில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய புதுக் கார் வாங்கலாம். இன்றைய மதிப்பில் 15,000 டாலருக்குக் குறையாது.

எல்விஸ் பிரெஸ்லி கட்டினார். 1973இல் வந்த 'லிவ் அண்ட் லெட் டை' படத்தின் தொடக்கத்தில் ரோஜர் மூர் இருட்டில் பல்சரின் பொத்தானை அழுத்தி மணி பார்க்கிறார். 3,950 டாலர் விலையில் வந்த தங்கக் கால்குலேட்டர் பல்சருக்கு அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே ஆசைப்பட்டார், அவர் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பது அன்றைய பத்திரிகைச் செய்தி. ஒமேகா அந்தப் பல்சர் இயந்திரத்தையே வாங்கித் தன் கூட்டில் வைத்து விற்றது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1970களின் நடுவில் பிளாஸ்டிக் கூட்டில் அதே சிவப்பு எழுத்தை 20 டாலருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அது 10 டாலர். சிப் என்பது எண்ணிக்கை கூடக்கூட விலை இறங்கும் பொருள். தங்கக் கூட்டுக்குள் வைத்தாலும் அந்த விதி மாறாது. பல்சர் லட்சக்கணக்கில் நஷ்டப்பட்டது. பெயரும் கைமாறிக் கடைசியில் சீக்கோவிடம் போய்ச் சேர்ந்தது.

சிவப்பு எழுத்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. மணி பார்க்க இரண்டாவது கை வேண்டும். கார் ஓட்டும்போதோ பை தூக்கிச் செல்லும்போதோ அது உதவாது. செல்லையும் வேகமாகக் குடித்துவிடும். எப்போதும் எழுத்து தெரிந்துகொண்டே இருக்கும் எல்.சி.டி. வாட்ச் வந்ததும் ஆட்டம் முடிந்தது. ஆறு இலக்க எல்.சி.டி. வாட்சை சீக்கோ 1973இல் கொண்டுவந்தது. 1974 நவம்பரில் கேசியோ தன் முதல் வாட்சான கேசியோட்ரானை வெளியிட்டது. 30 நாள் மாதம் எது, 31 நாள் மாதம் எது என்று அதற்குத் தானாகவே தெரியும். பத்தாண்டு முடியும் முன்பே சிவப்பு எழுத்து எல்.இ.டி. வாட்சுகள் அடிமாட்டு விலைக்குப் போய், மேஜை இழுப்பறைகளில் அடங்கின.

இழுப்பறையிலிருந்து ஏலத்துக்கு

தேவையற்றது என்று தள்ளிய பொருளைப் பத்திருபது ஆண்டுக்குப் பிறகு ஒரு தலைமுறை தேடி அலைவது எல்லாச் சேகரிப்புக்கும் உள்ள கதை. 1990களில் அமெரிக்க, ஐரோப்பியப் பழைய பொருள் சந்தைகளில் கூடைக்குள் குவிந்து கிடந்த டிஜிட்டல் வாட்சுகளைச் சிலர் பொறுக்கத் தொடங்கினார்கள். 1995இல் ஈபே வந்ததும் ஒரு நாட்டு இழுப்பறையில் கிடந்தது இன்னொரு நாட்டு ஆசைக்காரர் கண்ணில் பட்டது.

தேடப்பட்டவை எவை என்று பார்த்தால் ஆசையின் இயல்பு புரியும். ஹியூலெட் பேக்கார்ட் 1977இல் 650 டாலர் விலையில் கொண்டுவந்த ஹெச்பி-01: மணிக்கட்டில் 28 பொத்தான்கள், அழுத்துவதற்கு ஒரு குட்டிக் குச்சி. இங்கிலாந்தின் சிங்கிளேர் நிறுவனம் 1975இல் விற்ற கறுப்பு வாட்ச்: செல் பத்து நாள் தாங்காது, நைலான் சட்டையின் நிலைமின்சாரம் பட்டாலே சிப் செத்துப்போகும். விற்றபோது தோல்வியாகிப் பெரும்பாலும் செத்துப்போனதாலேயே பிறகு அரிய பொருளானது. ஸ்விட்சர்லாந்தின் ஜிரார் பெர்ரகோ 1976 முதல் இரண்டே ஆண்டுகளில் செய்த சுமார் 8,200 காஸ்கெட் வாட்சுகளில் எழுத்து கண்ணாடியின் மேற்பக்கத்தில் இல்லை, கூட்டின் ஓரத்தில் ஓட்டுநருக்குத் தெரியும்படி இருக்கும். 1982இல் வந்த சீக்கோவின் டி.வி. வாட்சுக்குக் கையில் ஒரு திரை, சட்டைப்பையில் ஒரு ரிசீவர், காதில் ஒரு வயர்.

சினிமா இந்த ஆசையை ஊதிப் பெரிதாக்கியது. 1977க்குப் பிறகு வந்த ரோஜர் மூரின் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் சீக்கோ டிஜிட்டல். 1979இன் 'ஏலியன்' படத்தில் விண்கலப் பணியாளர் கையில் இரண்டு கேசியோக்களை ஒட்டிச் செய்த வாட்ச். படத்தில் வந்த மாதிரி என்று ஒரு வரி சேர்ந்தால் விலை ஏறும். கேசியோவின் கிகுவோ இபே, கீழே விழுந்து உடையாத வாட்ச் வேண்டுமென்று ஏறக்குறைய இருநூறு மாதிரிகளைப் போட்டு உடைத்து 1983இல் கொண்டுவந்த முதல் ஜி-ஷாக் இதில் தனிக் கிளை.

நம் பக்கம் இந்த வாட்சுகள் வந்த வழி வேறு. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் கையிலும், சென்னை பர்மா பஜாரின் கண்ணாடிப் பெட்டிகளிலும்தான் டிஜிட்டல் வாட்சைப் பார்க்க முடிந்தது. பாட்டு பாடும் அலாரம், பேனாவுக்குள் கடிகாரம் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒருவன் கொண்டுவந்தால் வகுப்பே அவனைச் சுற்றி நிற்கும். இந்தியாவில் இன்று இந்த வாட்சுகளைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் அப்படிச் சுற்றி நின்றவர்கள்தான். நானும் அதில் ஒருவன்.

கேட்ட விலையும் விற்ற விலையும்

விலை இறங்கியிருக்கிறதா என்பதை அளப்பதே கொஞ்சம் சிக்கல். இணையத்தில் ஒருவர் ஒரு வாட்சுக்கு எழுதி வைத்திருப்பது அவர் கேட்கும் விலை. அது ஆறு மாதமாக அப்படியே கிடக்கலாம். புதிதாக வருபவர் அதைப் பார்த்துவிட்டு "சந்தையில் இந்த விலை போகிறது" என்று நம்புகிறார். உண்மையில் கைமாறிய விலையை மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் சரிவு தெரியும். அதோடு விலைவாசியையும் கழிக்க வேண்டும். 2010இல் 300 டாலருக்குப் போன வாட்ச் இன்றும் 300 டாலருக்குப் போனால் வெளிப்பார்வைக்கு விலை நிலையாக இருக்கிறது. அமெரிக்காவில் இடைப்பட்ட பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது.

எல்லா வாட்சும் ஒன்றுபோல விழவும் இல்லை. பெட்டி, ரசீது, கையேடு எல்லாம் சேர்ந்து, உள்ளே கைவைக்காமல், எழுத்து ஒரு துண்டும் குறையாமல் ஓடும் பல்சருக்கோ முதல் ஜி-ஷாக்குக்கோ இன்றும் ஆள் இருக்கிறார். அடிமட்டத்தில் சில நூறு ரூபாய்க்குப் போவதற்கு இறங்க இடமே இல்லை. அடி வாங்குவது நடுவில் இருப்பவை: ஓடுகிறது என்று சொல்லலாம், எழுத்து கொஞ்சம் மங்கல், ஒரு பொத்தான் ஒட்டுகிறது, வார் மாற்றியது. சேகரிப்பாளர் கையில் உள்ளதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கோவிட் காலத்தில் இவற்றுக்கு நல்ல பொருளின் விலையைக் கொடுத்து வாங்கியவர்கள்தான் இன்று முழிக்கிறார்கள்.

அந்தக் காலம் வாட்ச் சந்தை முழுவதற்குமே இயல்பானதாக இல்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள், கையில் மிஞ்சிய பணத்தோடு இணையத்தில் தேடினார்கள். ரோலெக்ஸ் டேடோனா, பட்டேக் நாட்டிலஸ் போன்றவற்றின் மறுவிற்பனை விலை 2022 மார்ச், ஏப்ரலில் உச்சத்தைத் தொட்டு, அடுத்த இரண்டு ஆண்டுக்கு மேல் இறங்கியது. பெரிய கப்பல் போகும்போது எழும் அலையில் சிறு படகும் ஏறும், இறங்கும். பலரும் டிஜிட்டல் வாட்ச் சரிவை இதோடு முடித்துவிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. ரோலெக்ஸ் இறங்கினால் மீண்டும் ஏறும் என்று நம்ப ஒரு காரணம் உண்டு: நூறு ஆண்டு கழித்தும் அதை ஓட வைக்க முடியும்.

உள்ளே என்ன சாகிறது

மூடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது.

எல்.சி.டி. என்பது இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்த திரவப் படிகம். கண்ணாடிகளின் மேலும் கீழும் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் படலம் ஒட்டியிருக்கும். மின்னழுத்தம் பட்ட இடத்தில் படிகம் திரும்பிக்கொள்ள, அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. அதுதான் எழுத்து. 1970களின் தொடக்கத்தில் வந்த திரவப் படிகம் ஈரம் பட்டாலே சிதையும் சரக்கு. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் 1972-73இல் உருவாக்கிய புதிய சேர்மங்கள்தான் அதற்கு ஆயுள் கொடுத்தன. அதற்கு முந்தைய வாட்சுகளில் எழுத்து உயிரோடு இருப்பதைப் பார்ப்பதே அபூர்வம்.

பிந்தையவையும் அழியாதவை அல்ல. கண்ணாடி ஓரத்து அடைப்பு விட்டுப்போனால், காகிதத்தில் மை கசிந்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். அதற்கு மருந்து கிடையாது. மேலே ஒட்டிய படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் வெளுக்கும், பழுப்பேறும். இதை மட்டும் பொறுமை இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் படலம் ஒட்டலாம். நம் ஊரின் வெயிலையும் கடலோரப் புழுக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டு பீரோவில் கிடந்த வாட்சுக்கு அது என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்.இ.டி. வாட்சில் வேறு வியாதி. எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பி பற்றவைத்திருப்பார்கள். ஓர் அதிர்ச்சியில் அது விட்டுப்போனால் 8 என்ற எண் 6 ஆகவோ 9 ஆகவோ காட்டும். ஜி-ஷாக் போன்ற பிளாஸ்டிக் வாட்சுகளில் எந்திரம் நன்றாக ஓடும், ஆனால் மேல்கூடு காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து ஒருநாள் கைபட்டால் பிஸ்கட்போல உதிரும். எல்லாவற்றுக்கும் மேல் ஒழுகும் செல்.

சாவி வாட்சின் பல்சக்கரம் உடைந்தால் இன்னொரு கைவினைஞர் அதைக் கடைந்துவிட முடியும். சிப் செத்தால் அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் வரிசைகள் நாற்பது ஆண்டுக்கு முன்பே பிரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே உதிரிபாகம் கிடைக்கும் ஒரே இடம் அதே மாதிரி இன்னொரு வாட்ச்தான். ஒன்றை அறுத்து இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு ரிப்பேரிலும் உலகத்தில் ஒரு வாட்ச் குறைகிறது.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏற வேண்டுமே என்று கேட்கலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். வாங்குகிறவர் கணக்கு வேறு. இந்த வாட்ச் இன்னும் எத்தனை ஆண்டு எழுத்து காட்டும் என்று அவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் கடையில் விற்காமல் உறையோடு கிடந்த சரக்கு என்றால் நம்பி வாங்கினார்கள். உறைக்குள்ளும் படலம் வெளுக்கிறது, அடைப்பு விடுகிறது என்று தெரிந்தபிறகு அந்த நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. அரிதாக இருப்பது மட்டும் விலையைத் தாங்காது. நாளைக்கும் ஓடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தால்தான் தாங்கும்.

இங்கே ஒரு சுழல் தொடங்குகிறது. வாட்சின் விலை 40 டாலருக்கு வந்துவிட்டால், அதைத் திறந்து மூன்று மணி நேரம் உழைத்துச் சரிசெய்ய யாரும் முன்வரமாட்டார்கள். கூலி வாட்சைவிடக் கூடுதல். அது உதிரிபாகமாகப் பிரிக்கப்படும், அல்லது குப்பைக்குப் போகும். ரிப்பேர் தெரிந்தவர் கைகளுக்கு வேலை குறையும், கை வித்தையும் போகும். அடுத்து வாங்குபவருக்கு நம்பிக்கை இன்னும் குறையும். விலை இன்னும் இறங்கும்.

புதிதாகவே கிடைக்கும்போது

வெளியிலிருந்தும் சில அடிகள் விழுந்தன. பெரியது மறுவெளியீடு. சேகரிப்பாளரின் ஆசையை நிறுவனங்களும் கவனித்துக்கொண்டுதான் இருந்தன. 2019இல் புலோவா தன் 1976ஆம் ஆண்டுக் கம்ப்யூட்ரானைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் ஹாமில்டன், பல்சரின் தோற்றத்தில் ஒரு வாட்சை 750 டாலருக்கு வெளியிட்டது. 2021இல் 'ஏலியன்' படத்து கேசியோவின் முகத்தோடு ஒரு மாதிரி வந்தது. 2022இல் காஸ்கெட் 820 எண்ணிக்கையில் மறுபிறவி எடுத்தது. 2024இல், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 4,000 கேசியோட்ரான்கள் வந்தன.

மறுவெளியீடு பழையதன் புகழை ஏற்றி அதன் விலையையும் ஏற்றும் என்று வாதிடுவோர் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அப்படி நடக்கவும் செய்யும். ஆனால் அந்த முகம் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே ஆசையாக இருந்தவர் இனி ஏன் மங்கலான பழைய வாட்சுக்குப் பணம் கொடுப்பார்? செல் போட்டால் ஓடும், தண்ணீர் பட்டால் சாகாது, உத்தரவாதச் சீட்டும் உண்டு. அந்த வாடிக்கையாளர் கூட்டம் விலகிப்போனது. பழையதிலேயே குறியாக இருக்கும் சிறு கூட்டம் மட்டும் மிச்சம்.

1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் கடையில் புதிதாகவே கிடைப்பது இதன் உச்சம். ஒரு செல் ஏழு ஆண்டு வரும். அதற்கு ஆண்டு கணக்கு தெரியாது, அதனால் பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். முப்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய மாதிரி புதிதாக மலிவு விலைக்குக் கிடைக்கும்போது, அதே காலத்துப் பிற சாதாரண வாட்சுகளுக்கு எப்படி விலை நிற்கும்?

அடுத்தது தபால். இந்தச் சேகரிப்பு நாடு விட்டு நாடு பொட்டலம் போவதில் உயிர் வாழ்வது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தப்பட்டது. 60 டாலர் வாட்சுக்குத் தபால், வரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் வாங்குபவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தை விற்பவர் தன் விலையில்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

பயன்பாடு போய்விட்ட பொருள்களும் உண்டு. அமெரிக்காவில் 2009இலும், ஜப்பானின் பெரும்பகுதியில் 2011இலும் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றுவிட்டது. சீக்கோ டி.வி. வாட்ச் நன்றாகவே இருந்தாலும் அதற்குப் பிடிக்க அலை இல்லை. வேறு கருவி ஒன்றை இடையில் மாட்டித்தான் அதில் படம் வரவைக்கிறார்கள்.

கடைசியாக வயது. பத்துப் பன்னிரண்டு வயதில் கடைக்கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கியதைக் கையில் காசு வந்ததும் வாங்குவதுதான் பெரும்பாலான சேகரிப்பின் வேர். பல்சரைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகளுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டைச் சிறிதாக்கிக்கொள்ளும் வயது, வாங்குவதைவிடக் கொடுத்துவிட நினைக்கும் வயது. தபால்தலை ஆல்பங்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். இளையவர்களுக்கு டிஜிட்டல் எழுத்து புதுமையாக இல்லை. அவர்கள் மணிக்கட்டில் 2015க்குப் பிறகு முழுக் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. அவர்களிலும் பழைய கேசியோவை விரும்பி மாட்டுபவர்கள் நிறைய உண்டு. ஆனால் அவர்கள் கட்டிக்கொள்ள வாங்குகிறார்கள், சேர்த்து வைக்க வாங்கவில்லை. கட்டிக்கொள்பவருக்குப் புதியதே போதும்.

புது மெஷின் போட்டால் அது பழைய வாட்சா?

இந்தச் சுழலை உடைக்கும் ஒரே முயற்சியாக எனக்குப் படுவது தனியாட்கள் தங்கள் வீட்டு மேஜையில் செய்துவரும் வேலைதான். பழைய பல்சர் கூட்டுக்குள் பொருந்தும்படி புதிய சிப்பும் புதிய சிவப்பு எழுத்தும் வைத்த மாற்று இயந்திரங்களைச் சிலர் வடிவமைத்து விற்கிறார்கள். எஃப்-91டபிள்யூவுக்குள் அப்படியே உட்காரும் மாற்று சர்க்யூட் பலகையும் இருக்கிறது. வெளுத்த படலத்தை மாற்றுவது எப்படி, எந்த மாதிரியின் ரப்பர் பட்டை எந்த மாதிரிக்குப் பொருந்தும் என்று குறிப்பு எழுதிப் பகிர்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் இதை ஒப்புக்கொள்வதில்லை. உள்ளிருப்பதை மாற்றியபின் அது வெறும் கூடு, அதற்கு விலை கிடையாது என்பது அவர்கள் வாதம். அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு. பல வாட்சுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததை அசல் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். கூடு ஒரு வருடத்தது, எந்திரம் வேறு வருடத்தது, பின்மூடி இன்னொரு மாதிரியினுடையது.

ஆனாலும் நான் மறுபக்கம்தான் நிற்பேன். தஞ்சாவூர் வீணைக்கு மெழுகு தளர்ந்தால் பழைய மெட்டுகளைக் கழற்றிப் புது மெழுகில் பதித்து மேளம் கட்டுகிறோம். அதனால் வீணையின் மதிப்பு குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. கட்டியவர் யார், எப்போது கட்டினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். வாட்சுக்கும் அதுவே போதும். எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி வாட்சோடு வைத்துக் கொடுக்கட்டும். எடுத்த பழைய மெஷினையும் ஓர் உறையில் போட்டுக் கூடவே கொடுக்கட்டும். மாற்று எந்திரத்தை மறைக்காமல் சொல்லும் வழக்கம் வந்தால், ஓடும் என்ற நம்பிக்கை திரும்ப வரும். இறந்த பல்சரை விலை கொடுத்து வாங்க ஆள் வருவார். பிரித்து விற்கும் அவசியம் குறையும். விலை பழைய உச்சத்துக்குப் போகுமா என்று கேட்டால், நடுத்தர வாட்சுகளுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். ஆசைப்பட்ட தலைமுறை சுருங்கிக்கொண்டிருக்கிறது, புதியவை கடையில் கிடைக்கின்றன. லாபத்துக்காக வாங்கி அடுக்கியவர்கள் வெளியேறுவதுதான் அவர்களுக்கு நல்லது. ஆசைக்காக வாங்குபவர்களுக்கோ இதைவிட நல்ல காலம் வராது. ஐந்தாண்டுக்கு முன் எட்டாத வாட்ச் இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்கும்போது ஓடும் நிலையில் எடுத்த படம் கேளுங்கள், பின்மூடியைத் திறந்து எடுத்த படமும் கேளுங்கள், ஓரத்தில் கறுப்புத் திட்டு இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கும் எண்ணமே இல்லாதவர்களிடமும் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. உங்கள் வீட்டு பீரோவில், அப்பாவோ சித்தப்பாவோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த டிஜிட்டல் வாட்ச் ஒன்று கிடக்கலாம். நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அதன் செல் இன்னும் உள்ளேயே இருக்கும். இன்றைக்கே பக்கத்து வாட்ச் கடைக்குக் கொண்டுபோய் அந்தச் செல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். குழியை உலர்ந்த பஞ்சால் துடைத்து, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். என் மாமாவின் வாட்சுக்கு அதை யாரும் செய்யவில்லை.